பெட்டரி முறை

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்தெடுக்கப் போனவர்கள் விட்டுப்போன குழந்தைகள் தூங்கியதும் போன ஞாயிற்றுப் பத்திரிகையை விரித்தாள் கலாராணி. ஒரு மூலையில் நாலே வரியில் ஒரு கதை இருந்தது.

'லயத்தில் எல்லோரும் அவள் வீட்டில்தான் டீவி பார்த்தார்கள். பெட்டரியை டவுனுக்குச் சுமந்துபோய் சார்ஜ் பண்ண ஒவ்வொரு வீட்டுக்கும் முறை இருந்தது. ஒருத்தியின் முறை வரும்போது மட்டும் டீவி வீட்டுக்காரன் தானே சுமந்தான். மனைவி டீவி பார்த்துக்கொண்டிருந்தாள்.'

அவ்வளவுதான். கீழே ஏதோ ஒரு புனைபெயர், பக்கத்தில் பதுளை என்றிருந்தது.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. இதெல்லாம் ஒரு கதையா? மறுபடி படித்தபோது யாரோ டீவி உள்ள தன் வீட்டுக் கதவிடுக்கு வழியே பார்ப்பது போலிருந்தது. கரண்ட் வராத லயத்து வரிசை வீடுகள் ஊவா பக்கம் எத்தனையோ இருக்கின்றன. டீவி உள்ள வீட்டுக்கு முறை கிடையாது, பார்க்க வருகிறவர்கள்தான் சுமக்க வேண்டும் என்பதும் எங்கேயும் உள்ள வழக்கம்தான். பூனாகலைத் தோட்டத்தில் இருக்கும் அவள் இதைத் தன்மேல் போட்டுக்கொள்வானேன்? ஆனால் அவர்கள் லயத்து லெட்சுமியின் முறை வரும்போதெல்லாம் கலாராணியின் வீட்டுக்காரன் ஜெயரூபன்தான் சுமந்தான். லெட்சுமியின் புருஷன் கொழும்பில் கடையில் நிற்கிறான், ஆம்பளை இல்லாத வீடு, பாவம் என்று சொன்னதே கலாராணிதான். எழுதியவர் வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பொய்யென்று தள்ளிவிடலாம்.

அன்று சனிக்கிழமை. சாயங்காலம் அவள் வீட்டுக் காம்பரா நிறைந்துவிட்டது. கலாராணி வழக்கமான இடத்தை விட்டுக் கதவோரம் உட்கார்ந்தாள். அங்கிருந்து டீவி தெரியாது, முகங்கள் தெரியும். நாடகத்தில் மாமியார் கத்த, லெட்சுமி வாயைப் பொத்திச் சிரித்தாள். ஜெயரூபன் கண்ணெடுக்காமல் டீவியையே பார்த்தான். நாடகமே பிடிக்காதவன். இவ்வளவு கவனமாக ஒருவன் எதைப் பார்க்காமல் இருக்கிறான்?

பெட்டரி இறங்கி, படம் நாலு பக்கமும் சுருங்கத் தொடங்கியது.

"அடியே கலா, மாமியாக்காரி தீப்பெட்டிக்குள்ள போயிட்டாடி!" என்றாள் அடுத்த வீட்டுப் பெரியாயி. "இந்த வாட்டி யாரு மொற?"

"என் மொறதாங்க்கா," என்றாள் லெட்சுமி.

ஜெயரூபன் அதற்குள் எழுந்து வயரைக் கழற்றிக்கொண்டிருந்தான். "நாளைக்கிக் காலையில வெள்ளன நான் டவுனுக்குத்தான் போறேன். கொண்டு போறேன்."

"பெரியாயிக்கா மொறைக்கு டவுன்ல ஒங்களுக்கு ஜோலியே இருந்ததில்லையே," என்றாள் கலாராணி.

பெரியாயி மட்டும் சிரித்தாள். "நல்லாக் கேளு! என் மொறைக்கு இந்த மகராசன் எட்டிக்கூடப் பாக்கல." யாரும் கூடச் சிரிக்காததைக் கண்டு அவளும் நிறுத்திக்கொண்டாள்.

"நாளைக்கி நானும் லெட்சுமியும் போறோம்," என்றாள் கலாராணி.

ஜெயரூபன் வயரைச் சுற்றினான். "ஒன்னால தூக்க முடியாது. அசிட்டு வேற."

"கொழுந்துக் கூடை தூக்கின தலதானே."

காலையில் பெட்டரி இஸ்தோப்புத் திண்ணையில் தயாராக இருந்தது. லெட்சுமி இடுப்பிலிருந்து ஒரு பழைய துணியை உருவி உதறினாள். மங்கிய நீலத்துணி. அதில் மிளகு தூவியது போல அசிட் தின்ற ஓட்டைகள். பெட்டரி சுமந்தவர்களின் சட்டைத் தோளெல்லாம் இப்படித்தான் இருக்கும். ஜெயரூபனின் சட்டைகளைத் துவைப்பவள் கலாராணி. ஒன்றில்கூட ஓட்டை இருந்ததில்லை.

சுமக்கும்போது வைத்துக்கொள்ள அவனுக்கு இந்தத் துணியை இரவல் கொடுத்திருக்கலாம். எவளும் கொடுப்பாள்.

"குடு," என்று கையை நீட்டினாள்.

"நான் தூக்குறேங்க்கா."

"குடு லெட்சுமி."

அதைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்தாள். தேங்காயெண்ணெய் வாசம் வந்தது. யாருடைய தலை என்று தெரியவில்லை. கழுத்தை நேராக்கி நின்றாள். "தூக்கி வைங்க."

ஜெயரூபன் குனிந்து பெட்டரியைத் தூக்கினான். பாரம் தலையில் இறங்கியது, ஆனால் முழுவதும் இறங்கவில்லை. அவன் கைகள் இரண்டு பக்கமும் அதை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தன. அவளால் தலையைத் திருப்ப முடியவில்லை. எதிரே லெட்சுமி படியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"விடுங்க," என்றாள் கலாராணி.