நாலு மணி ரிப்போர்ட்

அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வரவேற்பு மேசைக்காரிக்குப் பத்து நாளாய்ப் பெயர் ஓட்டைவாய். சும்மா வந்த பெயரா? தலைமை அலுவலகத்து மேலாளர் வந்து வகுப்பெடுத்தார். "போன்ல யார் கேட்டாலும் வாடிக்கையாளர் விவரம் சொல்லாதீங்க. வெச்சிட்டு, சுவர்ல இருக்கிற நம்பருக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்க. சோதிச்சுப் பார்க்க நாங்களும் கூப்பிடுவோம்." மறுநாளே டாக்டர் மாதிரி ஒரு குரல் கேட்க, இவள் ஒரு நோயாளியின் விவரத்தைக் கடகடவென்று ஒப்பித்துவிட்டாள். அதுதான் சோதனை. இன்னொரு தடவை சறுக்கினால் வேலை இல்லை என்று கடிதமே வந்துவிட்டது. ரத்தம் எடுக்கிற அண்ணன் அந்தக் கதையை பெஞ்சில் காத்திருப்பவர்கள் காதுபட தினமும் சொல்லிக் கிண்டலடிப்பார்.

அன்று மூன்றரை மணிக்குப் போன் அடித்தது. ஓர் ஆண், ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னான்.

"என் தங்கச்சிதான். ரிப்போர்ட்ட வீட்டுக்கு அனுப்பிட்டீங்களா?"

"இல்லையே, நாலு மணிக்கு அவங்களே வந்து வாங்கிக்கிறேன்னாங்க."

"சரி சரி. புது வீட்டு அட்ரஸ் சரியா எழுதியிருக்காளான்னு கொஞ்சம் படிங்களேன்."

இவளுக்குச் சுருக்கென்றது. அந்தப் பெண் முகவரி எழுதும்போதே, "யார் தேடி வந்தாலும் இத மட்டும் சொல்லிடாதீங்கக்கா" என்று கையைப் பிடித்துக் கேட்டவள்.

"அதெல்லாம் சொல்ல முடியாதுங்க."

அந்தப் பக்கம் சிரித்தான். குரல் மாறியது. "சபாஷ்மா. நான் தலைமை அலுவலகம். இது சோதனைதான், பாஸ் பண்ணிட்டீங்க. கணினியில முடிச்சு வைக்கணும், அந்த அட்ரஸ மட்டும் படிங்க."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. சொன்னால் வேலை போகுமா, சொல்லாவிட்டால் போகுமா? பாஸ் போட்டவரிடமே மறைத்தால் அது திமிராகிவிடாதா? இல்லை, இதுவும் சோதனைக்குள் ஒரு சோதனையா? கடவுளே, எந்தப் பக்கம் திரும்பினாலும் இடிக்கிறதே. கதவு எண்ணைப் படிக்க வாய் திறந்தேவிட்டது. அப்போதுதான் சுவரில் அந்த நம்பர் எழுதியிருந்த தாள் கண்ணில் பட்டது.

"வைங்க சார், நானே திருப்பிக் கூப்பிடுறேன்" என்று சட்டென்று வைத்துவிட்டாள்.

சுவரிலிருந்த எண்ணில் மேலாளரே எடுத்தார். ஒருவன் அட்ரஸ் கேட்டதைச் சொன்னாள். "இன்னிக்கு நாங்க யாரையும் கூப்பிடலையே. அட்ரஸ் குடுக்கலல்ல? நல்லா சமாளிச்சீங்கம்மா."

"அப்ப உனக்குப் புதுப் பேர் வைக்கணும்" என்றார் அண்ணன். அவளுக்கும் சிரிப்பு வந்தது. பத்து நாளில் முதல் சிரிப்பு.

சிரித்தபடியே கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று ஐம்பது. நாலு மணிக்கு அந்தப் பெண் வருவாள் என்று அவனிடம் சொன்னது யார்? நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெடப்போவது அந்தப் பெண்.

அந்தப் பெண்ணின் எண்ணை அழுத்தினாள்.

"பஸ்ல இருக்கேன்க்கா. அடுத்த ஸ்டாப்தான்."

"இறங்காதீங்க. அப்படியே போயிடுங்க. உங்கள ஒருத்தர் கேட்டார். நாலு மணின்னு நான் வாய்தவறிச் சொல்லிட்டேன்."

"வீடு எங்கன்னு சொல்லிட்டீங்களா?"

"சொல்லல."

கண்ணாடிக்கு வெளியே பஸ் வந்து நின்றது. அதுவரை எதிர்க்கடை நிழலில் நின்றிருந்த ஒருவன் எம்பி எம்பி ஜன்னல்களைப் பார்த்தான். இரண்டு பேர் இறங்கினார்கள், அவள் இறங்கவில்லை. பஸ் போய்விட்டது.

ஓட்டைவாய் மறுபடி சுவரிலிருந்த எண்ணை அழுத்தினாள். வேலை போய்விடும், வேண்டாமென்று அண்ணன் கைகாட்டினார்.

"சார், நான்தான். முதல்ல ஒண்ண சொல்லாம விட்டுட்டேன்" என்றாள்.