தாலிக்கொடியில் அமெரிக்கப் பிராந்து

எல்லாரும் சுகமா? முழங்கால்கள் சொன்னபடி கேட்கின்றனவா? என்னுடையவை கேட்பதில்லை. அதனால்தான் தூரம் போகாமல், நான் இருக்கும் லாசால் பகுதியில் பக்கத்து வீட்டுப் பிலோமினம்மாவிடம் தேத்தண்ணி குடிக்கப் போனேன். இந்தக் கதை அங்கே கிடைத்தது. எழுதப் போகிறேன் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

1.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கழுகு கம்பீரமான பறவை. அமெரிக்கா தன் நாணயங்களில் அதை..."

வேண்டாம். பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி இருக்கிறது. காசிலிருந்தே வருகிறேன்.

எங்கள் கலியாணங்களில் தாலிக்கு இரண்டு பக்கமும் கொடியில் பவுண் காசு கோர்ப்பது வழக்கம். பிலோமினம்மாவின் மகன் அன்டன், பொஸ்டனில் வேலை செய்தபோது வாங்கிய இரண்டு அமெரிக்கத் தங்கக் காசுகளைத் தன் கலியாணத்துக்குக் கோர்க்கச் சொன்னான். காசில் ஒரு பறவை, காலில் ஒலிவக் கிளையோடு கூட்டை நோக்கி இறங்குகிறது. கூட்டில் தாயும் குஞ்சுகளும்.

"நோவாவின்ரை புறா!" என்று பிலோமினம்மா அதற்கு முத்தம் கொடுத்தார்.

"புறாவுக்கு உப்பிடி வளைஞ்ச சொண்டோ அம்மா?" என்றான் அன்டன்.

"நீ பேசாமலிரு. வேதத்திலை ஒலிவக் கிளை கொண்டு வாறது புறாதான்."

2.

கலியாணத்துக்கு ஐந்து நாள் இருக்க, பெண்ணின் தாய் மாக்கிரட் நகரின் வடக்கிலுள்ள வில்லரேயிலிருந்து மகளோடு கொடி பார்க்க வந்தார். நானும் அங்கேதான். காசைப் பார்த்ததும் அவருடைய முகம் கறுத்தது.

"இது பிராந்தெல்லோ!* குஞ்சு தூக்க வருது. இதையோ என்ரை பிள்ளையின்ரை கழுத்திலை கட்டப் போறியள்?"

"அப்ப மற்றப் பக்கத்தைத் திருப்பி விடுவம், சம்பந்தி."

மற்றப் பக்கத்தில் தலைமயிரை விரித்துப்போட்ட ஒரு பெண், கையில் தீப்பந்தம்.

"இவவை விடப் பிராந்தே பரவாயில்லை," என்றான் அன்டன். யாரும் சிரிக்கவில்லை.

"இந்தக் காசு கொடியிலை ஏறினால் நான் கோயிலுக்கு வரமாட்டன்," என்றார் மாக்கிரட்.

(*பிராந்து என்றால் பருந்து. அமெரிக்கர்கள் கழுகு என்கிறார்கள். கோழி வளர்த்தவர்களுக்கு எல்லாம் ஒன்றுதான்.)

[இந்த இடத்தில் மாக்கிரட்டைப் பொல்லாதவராக்கி ஒரு பக்கம் எழுதினேன். நன்றாகவும் வந்தது. பிறகு, ஊரில் குண்டு போடும் விமானம் தாழப் பதிந்து வரும்போதெல்லாம் பிள்ளைகளைப் பங்கர்க் குழிக்குள் தள்ளி, அவர்கள்மேல் படுத்தவர் அவர் என்பது நினைவுக்கு வந்தது. பக்கத்தை அழித்துவிட்டேன்.]

3.

மணப்பெண்ணின் பெயர் யோசெப்பின். கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், சின்னப் பிள்ளைகளைப் பார்ப்பவள், பொறுமைசாலி. காசைப் படமெடுத்து, போனில் பெருப்பித்துத் தாயிடம் காட்டினாள்.

"வடிவாய்ப் பாருங்கோ அம்மா. கால் நிறையக் கிளையை வைச்சுக்கொண்டு எப்பிடிக் குஞ்சைத் தூக்கிறது? தாயும் பயப்பிடேல்லை. அது தகப்பன். வீட்டை வருது."

மாக்கிரட் போனை எட்டிப் பார்த்தார்.

"உன்ரை அப்பா இஞ்சை வந்து எங்களைக் கூப்பிட ஒன்பது வருசம் எடுத்தவர்."

"கூப்பிட்டவர்தானே, அம்மா."

4.

முடிவு ஒன்று: மாக்கிரட் அழுது சம்மதிக்கிறார். பொய். அவர் நாலு பேர் முன் அழுகிறவரில்லை.

முடிவு இரண்டு: நகைக்காரர் காசுக்குப் பதிலாக வெறும் வட்டத் தகடு கோர்க்கிறார். எல்லாருக்கும் நிம்மதி, அன்டனைத் தவிர. இதுவும்...

இல்லை. நான் கண்டது வரைக்கும் சொல்கிறேன். மாக்கிரட் மகளின் கையிலிருந்து போனை வாங்கினார். "இன்னும் பெருசாக்கு," என்றார். பறவையை விட்டுவிட்டு, கூட்டிலிருக்கும் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காசு கோர்க்கிற நகைக்கடை ஆறு மணிக்குப் பூட்டும் என்று பிலோமினம்மா மெல்லச் சொன்னார். பேசாமல் இருக்கச் சொல்லி நான் அவருடைய கையை அமத்தினேன்.

இதற்கு மேல் என்னால் மாக்கிரட்டை அவசரப்படுத்த முடியாது. அந்த மேசையில் நீங்கள் இருந்திருந்தால் மாக்கிரட்டிடம் என்ன சொல்லியிருப்பீர்கள்? உங்கள் வீட்டுக் கொடிக் காசில் என்ன படம்? அதைப் பார்த்து யார் பயந்தார்கள்? எழுதுங்கள்.