அம்மனுக்கு முன் அணிந்த ஆரம்

1

நகை வடிப்போர் பிற கலைஞரின் ஆக்கங்களைக் கண்டு மனம் விரிவதைப் போற்றி ஒரு கட்டுரை எழுதவே அமர்ந்தேன். கோபுரத்துக் கொடியைக் கொலுசுக்கு இறக்கியவர், கோலத்துப் புள்ளியைத் தோட்டில் பதித்தவர் என்று முதற்பத்தி இனிதே வளர்ந்தது. இரண்டாம் பத்தியில் மேகலா வந்தாள். கட்டுரை இருண்டு கதையாயிற்று.

2

'அரும்பாவூர் மரச்சிற்பக் கூடத்தில் வாகையின் மணம் கமழ்ந்த ஒரு காலை—'

(மணத்தில் தொடங்குவது சோம்பல். அடித்துவிட்டேன்.)

மேகலா அரியலூர் நகைக்கடை ஒன்றில் நகைகளுக்கு வடிவம் வரைபவள். அரும்பாவூரில் மரச்சிற்பம் செய்யும் கலையரசி அவள் தோழி. பக்கத்து ஊர்க் கோயிலுக்காகக் கலையரசி செதுக்கிய அம்மனின் மார்பில் ஓர் ஆரம்: வேப்பம்பூங்கொத்துகள் ஒன்றையொன்று பற்றித் தொங்கின. அதைக் கண்ட மேகலா உவகையில் உறக்கம் இழந்தாள். கேளாமலே பொன்னில் வடித்தாள். பெரம்பலூரில் ஒரு மணப்பெண் அதை அணிந்த படம் ஊரெங்கும் கைப்பேசிகளில் உலவியது.

மேகலா நல்லவள், ஆனால்—

(இவ்வாக்கியத்தை முடிக்க இயலவில்லை.)

3

அம்மனுக்கென வடித்த அணியை, அவளுக்குமுன் மானிடர் அணியலாகாது என்பது அவ்வூர் வழக்கம். கோயில் நாட்டாண்மை இராமலிங்கம் கூடத்துக்கே வந்தார்.

"டிசைன வித்துட்டியாம்மா?"

"சத்தியமா இல்லீங்க."

"அப்ப ஆரம் தானா நடந்து பெரம்பலூரு மண்டபத்துக்குப் போயிடுச்சா? சாயங்காலம் வரேன். அம்மன் மார்புல இருக்கற ஆரத்தச் செதுக்கி எடுத்துடு. வித்தவங்களுக்கு இனிமே எந்த ஊருலயும் சாமி வேல கெடைக்காது, பாத்துக்க."

சூடிக் களைந்த மாலையையே உவந்தேற்ற இறைவனைப் பாடிய மொழி இது. அதை எடுத்துரைக்கப் புலவர் ஒருவரைக் கதைக்குள் அனுப்பினேன். ("நீங்க யாரு சார்?" என்றார் இராமலிங்கம். புலவரைத் திருப்பி அழைத்துக்கொண்டேன்.)

4

செய்தி கேட்டு மேகலா ஓடிவந்தாள்.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? திருவிழா முடியட்டும், அப்பறம் நகையில போட்டுக்கன்னு நானே குடுத்திருப்பேன்டி."

"அவ்ளோ அழகா இருந்துச்சு கலை."

"ஆமா. செதுக்கி எடுத்தப்பறம் வந்து பாரு, இன்னும் அழகா இருக்கும்."

"நான்தான் எடுத்தேன்னு நாட்டாண்மைகிட்டச் சொல்லிடறேன்."

"சொல்லுவ. 'எல்லாம் எங்க சொந்த டிசைன்'னு போர்டு வச்சிருக்கானே ஒங்க மொதலாளி, அவன் அப்பறம் ஒன்ன வச்சிருப்பானா?"



5

முதல் முடிவில் மேகலா சொன்னாள், வேலை போயிற்று. இரண்டாம் முடிவில் சொல்லவில்லை, தோழி போனாள். மூன்றாவதில், அடியவனாகிய நான் அம்மனையே பேசவைக்க முயன்றேன். கண் திறக்கும் சடங்கு இன்னும் நடக்கவில்லை. எடுத்தது யாரென்று அம்மன் கண்டிலள்.

வாசலில் வண்டி நிற்கிறது. இராமலிங்கம் இறங்குகிறார். கலையரசி அம்மனின் மார்பில் உளியை வைக்கிறாள். மேகலா எழுந்து, "ஐயா" என்கிறாள்.

அடுத்த சொல்லை நீங்கள் வையுங்கள். எதை வைத்தாலும் ஆரம் போய்விடும். கலையரசியின் நற்பெயர் மட்டுமே உங்கள் கையில்.