தவசிமுத்து அண்ணாச்சியின் மெல்லிய குரல்

1

இந்தக் கதை எனக்கு முருங்கைக்கீரை ஆயும்போது கிடைத்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் பக்கத்து வீடு பியூலாவுடையது. அவள் அப்பா தவசிமுத்து அண்ணாச்சி மதுரையில் தொண்டைப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டவர். ராஜபாளையத்துக்குத் திரும்பாமல் மகள் வீட்டிலேயே தங்கித் தேறிவருகிறார். அவர் மனைவி பரிபூரணம் மதினி ஒருநாள் ஒரு கட்டுக் கீரையோடு வந்து உட்கார்ந்தார். பாதிக் கீரை ஆய்வதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டு, "இத நீ எழுதணும் தாயி. ஆனா அழுகாச்சிக் கதையா எழுதிராத, ஆமா" என்றார்.

அவர் சொன்னதைக் கடைசிவரை ஒளித்துவைத்து எழுதுவதுதான் என் வழக்கம். இந்த முறை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறுவைக்குப் பிறகு அண்ணாச்சிக்குக் குரல் வந்துவிட்டது. மெல்லிய குரல். அது மதினிக்குக் கேட்கவில்லை. கேட்பதுபோல் நடித்துக்கொண்டிருக்கிறார்.

2

முதல் தொடக்கம்: "வானம் இருண்டு கிடந்தது. பரிபூரணத்தின் கண்களும்..."

(நிறுத்திவிட்டேன். அறுவை நடந்த அன்று நல்ல வெயில். மதினி கேன்டீனில் பூரி சாப்பிட்டிருக்கிறார். "பசிச்சது, சாப்ட்டேன். அதையும் எழுது" என்கிறார்.)

இரண்டாம் தொடக்கம்: "ரோபோ தன் கத்தியை உயர்த்தியது..."

(இதுவும் பொய். அங்கே கத்தியும் இல்லை, ரோபோ தானாக எதையும் உயர்த்துவதும் இல்லை.)

உண்மையில் நடந்தது இது. கட்டி குரல்நாண்களுக்குச் சற்று மேலே இருந்தது. கழுத்தைத் திறக்காமல், வாய் வழியாகவே ரோபோவின் மெல்லிய கைகளை உள்ளே விட்டு, லேசர் ஒளியால் எடுத்துவிடலாம் என்றார் டாக்டர் பிரேம்குமார். விழுங்கப் பழக நாளாகும், குரல் பெரும்பாலும் தப்பிவிடும், கொஞ்சம் மாறலாம் என்றும் சொன்னார். அண்ணாச்சி ராஜபாளையத்தில் காயத்துக்குக் கட்டும் மருந்துத்துணி நெய்யும் விசைத்தறி ஷெட்டில் ஆயுள் முழுக்க வேலை பார்த்தவர். அவருக்கு எந்திரத்தைப் பற்றித்தான் கவலை.

"சார், ஊடை நூல் அறுந்தா எங்க தறி தன்னால நின்னுரும். உங்க மெசின் எதுக்கு நிக்கும்?"

டாக்டர் சிரித்தார். "என் முகத்துக்கு நிக்கும். நான் உள்ள பாக்குற கண்ணாடியிலேருந்து தலைய எடுத்தா அது அசையாது. கை அசைக்கிறது நான். அத அது சின்னதாக்கி உள்ள செய்யும், அவ்வளவுதான்."

"அப்ப உங்களுக்குத் தும்மல் வந்தா?"

"இந்தா, செத்த நேரம் சும்மா இரிங்க" என்றார் மதினி. "தும்மாம பாத்துக்கிடுவாக."

3

எனக்கு என் கதாநாயகிமீது சந்தேகம் வந்தது இந்த இடத்தில்தான்.

அறுவைக்குப் பின் அண்ணாச்சி சில நாள் பேசக் கூடாது. நான் அதை வைத்து எவ்வளவோ திட்டம் போட்டிருந்தேன். பேசாத கணவர், கட்டிலோரம் தவிக்கும் மனைவி, இருவருக்கும் நடுவே ஒரு... (விட்டுவிட்டேன். தவிப்பே இல்லை என்றால் நான் என்ன செய்வது?)

தறி ஓடும்போது ஷெட்டுக்குள் ஒருவர் பேசுவது அடுத்தவருக்குக் கேட்காது. சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைப்பார்கள். எதிரே நிற்பவர் அதைப் பார்த்துப் புரிந்துகொள்வார். மதினி அதே ஷெட்டில் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றும் வேலை பார்த்தவர். இவர்கள் காதலித்ததே அப்படித்தான். ஆகவே மருத்துவமனையில் இருவரும் காலையிலிருந்து ஓசையில்லாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நர்ஸ் ஜெபா பார்த்துவிட்டுப் பதறினாள். "ஐயா! பேசக் கூடாதுன்னு சொன்னேன்லா? குசுகுசுன்னு பேசினாலும் தொண்டைக்குக் கெடுதல்!"

"அவிய எங்கம்மா பேசுனாக? வாய்தான அசையுது" என்றார் மதினி.

"என்ன சொல்றாரு?"

"ஓங்கையில இருக்க துணி எங்க ஊர்ச் சரக்கு இல்லையாம். நெசவு ரொம்பக் கலக்கமாம், நூலுக்கு நூல் இடைவெளியாம்."

ஜெபா கையிலிருந்த துணியைத் தூக்கிப் பார்த்தாள். அண்ணாச்சி மறுபடி உதட்டை அசைத்தார்.

"இப்ப என்ன?"

"அது ஒனக்கு வேண்டாம்மா. எனக்குச் சொன்னது."

(என்ன சொன்னார் என்று நானும் கேட்டேன். மதினி கீரையைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்.)

4

பிரச்சினை குரல் வந்த பிறகு தொடங்கியது.

"பேசலாம். ஆனா மெதுவா. கத்தவே கூடாது" என்றார் டாக்டர். தறிக்காரர்களுக்கு இரண்டே வகைப் பேச்சு: கூப்பாடு, இல்லையென்றால் வெறும் உதடு. நடுவில் ஒன்று இருப்பதே அண்ணாச்சிக்குத் தெரியாது. பியூலாதான் பிள்ளைக்குச் சொல்லித்தருவதுபோல் பழக்கினாள். ஒரு காலையில் அவர் மதினியைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "ஏட்டி, கொஞ்சம் காப்பி."

பியூலா அழுதுவிட்டாள். மதினி உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு காப்பி கொண்டுவந்தார்.

"நல்லாக் கேக்குதா?" என்றார் அண்ணாச்சி.

"மணியாட்டம் கேக்குது."

தறிச் சத்தம் மதினியின் காதை எப்போதோ தின்றுவிட்டது. கூப்பாடு கேட்கும், மெல்லிய பேச்சு கேட்காது. இதுவரை அது இருவருக்கும் தேவைப்பட்டதே இல்லை.

"சொல்லிர வேண்டியதுதான மதினி?" என்று கேட்டேன்.

"எப்பிடிச் சொல்ல? அவிய மொகத்துல அம்புட்டு சந்தோசம். கேக்கலன்னா எனக்காகக் கத்துவாக. அறுத்து ஆத்துன தொண்ட என்னத்துக்கு ஆகும்?"

அண்ணாச்சிக்கோ புதுக் குரல் பிடித்துப்போய்விட்டது. அடுத்த அறையிலிருந்து பேசுகிறார், முதுகைக் காட்டிக்கொண்டு பேசுகிறார். மதினி குத்துமதிப்பாக "உம்" போடுகிறார். அப்படி ஒரு "உம்"முக்கு அடுத்த நாள் வெள்ளை நாய்க்குட்டி ஒன்று வந்து வாசலில் நின்றது. ராஜபாளையத்திலிருந்து ஒருவர் கொண்டுவந்து விட்டுப்போனார்.

"நாய் வளப்பமான்னு கேட்ருக்காக. நான் உம்னுருக்கேன்" என்றார் மதினி. "அது என் செருப்பத் தின்னுட்டு இருக்கு."

5

முடிவு ஒன்று: பியூலா அம்மாவுக்குக் காது மெசின் வாங்கித் தருகிறாள். எல்லோரும் மகிழ்கிறார்கள்.

(மதினி: "அது வரட்டும். ஆனா மொதல்ல அவியளுக்குத் தெரியணும்லா?")

முடிவு இரண்டு: அண்ணாச்சிக்கு முன்பே தெரியும். தெரியாததுபோல் அவரும் நடிக்கிறார். என் வாசகிகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

(மதினி: "அவியளா? ஒங் கதையில வேணா நடிப்பாக.")

முடிவு மூன்று: "அந்தி வெளிச்சத்தில் அவள் மெல்ல அவரருகே சென்று..."

(என் கை தானாக எழுதியது. அடித்துவிட்டேன்.)

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "மதினி, என் கதை அச்சுல வந்தா அண்ணாச்சி வாசிப்பாகளே?"

"ஒங் கதைய எனக்கு முன்ன அவியதான் வாசிப்பாக. நான் அடுப்படியிலேருந்து வாரதுக்குள்ள முடிவச் சொல்லிக் கெடுத்துருவாக."

"அப்ப எல்லாம் தெரிஞ்சிருமே!"

மதினி என்னை ஒரு பார்வை பார்த்தார். "பின்ன ஒன்ன எதுக்கு எழுதச் சொன்னேன்? நேர்ல சொன்னா அந்தால கத்திருவாக. வாசிக்கும்போது யாராவது கத்துவாகளா?"

6

ஆகவே, அண்ணாச்சி, இந்தப் பகுதி உங்களுக்கு.

இதுவரை வாசித்திருப்பீர்கள். மதினி அடுப்படியில்தான் இருப்பார். தயவுசெய்து கூப்பிடாதீர்கள், எழுந்து போங்கள். அவருக்கு இடது காது கொஞ்சம் தேவலை. தோள் உரசுகிற அளவுக்குப் பக்கத்தில் போய்ப் பேசினால் கேட்கும் என்று பியூலா சொல்கிறாள். உதட்டை அவர் பார்க்காதபடி நின்றுகொள்ளுங்கள். இல்லையென்றால் பழக்கத்தில் படித்துவிட்டு, கேட்டதாகச் சொல்லிவிடுவார்.

என்ன பேசுவீர்கள் என்று எழுதிப் பார்க்க எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. நல்ல வசனங்கள் சில கைவசம் இருக்கின்றன. எழுத மாட்டேன்.

மற்ற வாசகர்களே, அண்ணாச்சி எழுந்துவிட்டார். நாம் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வோம்.