வலிக்குப் பேர் வைக்காதவன்

எங்கள் வீட்டில் ‘கேஸ்’ என்ற வார்த்தைக்குத் தடை. அடுப்புக்கு வருவதைக்கூட சிலிண்டர் என்றுதான் சொல்ல வேண்டும். வயிறு உப்பினால் வயிறு உப்புகிறது என்று சொல்லலாம், ஏப்பம் வந்தால் விட்டுத் தொலைக்கலாம், ஆனால் அந்த வார்த்தை வரக் கூடாது. தடை போட்டது நான்தான். ஓசூர் சிப்காட்டில் மோட்டார் பாகம் செய்கிற கம்பெனியில் தரம் பார்க்கிற பிரிவில் இருக்கிறேன். நாள் முழுக்க இது ஆகாது, அது ஆகாது என்று சொல்லியே இந்த ஹீனாவின் வாய் இப்படி ஆகிவிட்டது என்பார் என் வீட்டுக்காரர். அவருக்கும் சேர்த்துத்தான் தடை.

காரணம் என் அண்ணன் ஃபைஸான். பெங்களூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தான். முப்பத்து மூன்று வயது. ஒரு நாள் மதியம் ஆபீசில் நெஞ்சைப் பிடிக்கிற மாதிரி இருக்கிறது என்றான். பக்கத்து சீட்டுக்காரர் கேஸாக இருக்கும் என்றார். கேன்டீனில் சோடா கொடுத்தவரும் கேஸ் என்றார். இஞ்சி மிட்டாய் கொடுத்த பெண், தன் மாமனாருக்கும் இப்படித்தான், கேஸ் என்றாள். எல்லோரும் ஒரே குரலில் சொன்னால் யார்தான் நம்ப மாட்டார்கள்? அண்ணனும் நம்பி மறுபடி லேப்டாப் முன்னால் உட்கார்ந்தான். முந்தின வாரம் முழுக்க அவன் சரியாகத் தூங்கியிருக்கவில்லை. அசந்து மேசையில் தலை வைத்திருக்கிறான் என்று விட்டுவிட்டார்கள். டீக்கு எழுப்பப் போனபோது அவன் எழவில்லை.

யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மாங்காய் லாரியில் சரக்கு ஏற்றுகிறவர் முதல் மானேஜர் வரைக்கும் நம் ஆட்கள் நெஞ்சு வலிக்கு வைக்கிற முதல் பேர் அதுதான். அது தெரிந்தும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

அடக்கத்தன்று ஜனாஸாவுக்கு வந்தவர்கள் வேறு என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார்கள். எப்பேர்ப்பட்ட உழைப்பாளி, ஒரு நாள் லீவு போட்டதுண்டா என்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்திருக்கிற எங்களைப் பெற்ற அத்தா ஃபக்ருதீன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். லீவு போட்டிருந்தால் உயிரோடு இருந்திருப்பான் என்று நான் சத்தமாகவே சொன்னேன். அம்மா சுக்ரா என் தொடையில் கிள்ளினார். கிள்ளிய கையை எடுக்காமல் அப்படியே என் மடியில் விழுந்து அழுதார்.

அண்ணனுக்குப் பிறகு எங்களுக்கு மிஞ்சியது தம்பி உமைர். அவனும் அதே வேலைதான், வேறு கம்பெனி. ஓசூரில் எங்கள் வீட்டில் தங்கி, அத்திப்பள்ளி நெரிசலில் நீந்தி எலக்ட்ரானிக் சிட்டி போய் வருகிறான். அண்ணனுக்கு வந்தது மாரடைப்பு என்று சொன்ன டாக்டர், கூடப் பிறந்தவர்களும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்றார். எனக்கு ஒன்றுமில்லை. உமைருக்குக் கொழுப்பு அதிகம். மாத்திரை கொடுத்துவிட்டு டாக்டர் சொன்னார்:

“வலிக்கு நீங்களா பேர் வைக்காதீங்க. எங்க வலிக்குதுன்னு மட்டும் வந்து சொல்லுங்க. பேர் நாங்க வைக்கிறோம்.”

நல்ல பேச்சுதான். ஆனால் யாரிடம் சொல்கிறார்? உமைரிடம். எட்டாவது படிக்கும்போது மாமரத்திலிருந்து விழுந்துவிட்டு, வீட்டுக்கு வந்து வாயே திறக்காமல் சாப்பிட உட்கார்ந்தவன் அவன். இடது கையால் சாப்பிடுகிறானே, இது என்ன புதுப் பழக்கம் என்று அம்மா போட்ட சத்தத்தில்தான் வலது மணிக்கட்டு முறிந்திருப்பது தெரிந்தது. வலிக்கிறது என்று சொன்னால் எதிரே இருப்பவர்களுக்குக் கஷ்டம் என்று நினைக்கிற ஜாதி. ஆபீசிலும் அப்படித்தான். யாருடைய வேலையையும் தன் தலையில் போட்டுக்கொள்வான். முடியாது என்று சொல்ல அவனுக்கு வராது.

அதனால் என் பயமெல்லாம் ஒன்றே ஒன்றுதான். ஒரு நாள் இவனுக்கும் வலிக்கும். அன்றைக்கு இவன் வாயைத் திறப்பானா? தினமும் காலையில் அவன் ஷூ மாட்டும்போது எங்காவது வலிக்கிறதா என்று கேட்பேன். நீ கேட்கிற இந்தக் கேள்வியில்தான் காது வலிக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவான்.

போன மாம்பழ சீசனில் ஒரு சனிக்கிழமை. அவர்கள் வேலை செய்த புது மென்பொருளை வெளியிடுகிற நாள். லீவு நாள் என்பதால் வீட்டிலிருந்தே வேலை. நான் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடித்து வந்தபோது, மூடி வைத்துவிட்டுப் போன சோறு மூடியபடியே இருந்தது. காபி டம்ளர்கள் மட்டும் வரிசையாகக் காலி. நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று அவன் அறைப் பக்கம் போனேன்.

கதவு பாதி திறந்திருந்தது. லேப்டாப்பில் அவர்களுடைய டீம் லீடர் ஸ்ரீராம் பேசிக்கொண்டிருந்தார். அவரும் ஓசூர்க்காரர்தான், பக்ரீதுக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து பிரியாணி சாப்பிட்டிருக்கிறார். நல்ல மனுஷன். ஆனால் மற்றவர்களுக்கும் குடும்பம், குளியல், சாப்பாடு உண்டு என்பது அவருக்கு ஞாபகம் இருக்காது. அவருக்கே இருக்கிறதா என்பதும் சந்தேகம்.

உமைரின் வலது கை மவுஸில் இருந்தது. இடது கை நெஞ்சில் இருந்தது.

எனக்கு உள்ளே பாய்ந்து அவனை இழுத்துக்கொண்டு ஓடத்தான் தோன்றியது. ஆனால் இன்றைக்கு நான் இழுத்தால் வருவான், நான் பக்கத்தில் இல்லாத நாளில் என்ன செய்வான்? ஒரு மூச்சு நேரம் பொறுத்தேன். என் வாழ்க்கையிலேயே நான் வாயை மூடிக்கொண்டு நின்ற கஷ்டமான நேரம் அதுதான்.

உமைர் மைக்கைப் போட்டான்.

“ஸார், எனக்கு நெஞ்சுல வலிக்குது. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்.”

அவன் குழு மொத்தமும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு ஸ்ரீராமின் குரல் வந்தது, அன்பாகத்தான் வந்தது.

“கேஸா இருக்கும் உமைர். தண்ணி குடிச்சிட்டு ஒரு பத்து நிமிஷம் பாரு. இது முடிஞ்சதும் போயிடலாம்.”

“எங்கண்ணனுக்கும் அதாங்க ஸார் சொன்னாங்க.”

அவ்வளவுதான் சொன்னான். குரலை உயர்த்தவில்லை. லேப்டாப்பை மெதுவாக மூடிவிட்டுத் திரும்பினான். வாசலில் என்னைப் பார்த்து, வண்டியை எடுக்கா என்றான்.

பாகலூர் ரோட்டில் இருக்கிற ஆஸ்பத்திரி வரைக்கும் நான் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. அங்கே ஈசிஜி எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் இரண்டையும் எடுத்தார்கள். அதற்குள் நான் கிருஷ்ணகிரிக்குப் போன் போட்டிருந்தேன். கடைசியில் சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் வந்து, காலையிலிருந்து காபியைத் தவிர வேறு ஏதாவது உள்ளே போயிற்றா என்று கேட்டார். உமைர் முழித்தான். இதயத்தில் ஒன்றுமில்லை, வெறும் வயிற்றில் ஆசிட் ஏறியிருக்கிறது என்று சொல்லிவிட்டு, சிரித்தபடியே அந்தப் பாழாய்ப்போன வார்த்தையையும் சொன்னார்.

“பயப்படாதீங்க. கேஸ்தான்.”

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. உமைருக்கோ முகம் செத்துவிட்டது. அத்தனை பேர் காதில் விழச் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். திங்கட்கிழமை எந்த முகத்தோடு ஆபீசுக்குப் போவது, கேஸுக்கு ரிலீஸை விட்டுவிட்டு ஓடியவன் என்று காலத்துக்கும் சொல்வார்களே என்று புலம்பினான்.

“சொல்லட்டும்டா. உசுரோட இருக்கறவனத்தான கேலி பண்ண முடியும்” என்றேன்.

அப்படியும் அவன் தலை நிமிரவில்லை. வாயைத் திறக்காதவன் முதல் தடவையாகத் திறந்தான், அதற்கு இந்தப் பலன். இனிமேல் நிஜமாகவே வலித்தாலும் சொல்ல மாட்டானோ என்று எனக்குப் பழைய பயம் மறுபடி பிடித்துக்கொண்டது.

அந்த நேரத்தில்தான், எங்கள் வீட்டில் விசாரித்துக்கொண்டு ஸ்ரீராம் வந்தார். முதுகில் லேப்டாப் பை, நெற்றியில் வேர்வை. அவரைப் பார்த்ததும் எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. பத்து நிமிஷமாம், தண்ணீராம். எதிலிருந்து தொடங்குவது என்று மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டேன். வெளியீட்டை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். உமைர் கூனிக் குறுகி, கேஸ்தான் ஸார், ஸாரி என்றான்.

ஸ்ரீராம் சிரிக்கவில்லை. எரிந்ததா, இறுக்கிப் பிடித்ததா என்று கேட்டார். எரிந்தது என்றான் உமைர். இடது கைக்குப் போயிற்றா? இல்லை. படி ஏறினால் வந்து, நின்றால் போய்விட்டதா? அதுவும் இல்லை. உடம்பு வேர்த்ததா? இல்லை ஸார்.

தம்பி இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல இவர் முகம் தெளிய வேண்டுமா இல்லையா? கறுத்துக்கொண்டே போனது. சேர்த்து வைத்திருந்த திட்டெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று.

“ஸார், உங்களுக்கு எங்க வலிக்குது?” என்று கேட்டேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“நாலஞ்சு நாளாவே இருக்குதுங்க. ரிலீஸ் முடியட்டும்னு விட்டுட்டேன். கேஸுன்னுதான் எனக்கு நானே சொல்லிக்கிட்டிருந்தேன். இவன் அண்ணனைப் பத்திச் சொன்னதுக்கப்புறம் என்னால உக்கார முடியல.”

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த உமைர் எழுந்தான். அந்த வராந்தாவே திரும்பிப் பார்க்கிற மாதிரி குரல் கொடுத்தான்.

“சிஸ்டர், இவருக்கு நெஞ்சு வலி. இப்பவே பாருங்க.”

இவனுக்கு இப்படி ஒரு குரல் இருப்பது கூடப் பிறந்த எனக்கே தெரியாது. நர்ஸ் ஓடி வந்தார். ஈசிஜி தாளைப் பார்த்த டாக்டரம்மா இந்த முறை சிரிக்கவில்லை. சக்கர நாற்காலி வந்தது. ஸ்ரீராம் தன் லேப்டாப் பையை யாரிடம் கொடுப்பது என்று பார்த்தார். உமைர் வாங்கி மாட்டிக்கொண்டான். இதயத்துக்குப் போகிற பெரிய குழாயில் அடைப்பு, கொஞ்சமே கொஞ்சம் வழி மிச்சம் இருந்தது என்று பிறகு சொன்னார்கள். இருட்டுவதற்குள் ஸ்டென்ட் வைத்து முடித்தார்கள். இன்னும் இரண்டு நாள் தள்ளிப் போட்டிருந்தால் எங்களுக்கு வேலை இருந்திருக்காது என்றார் டாக்டரம்மா.

ஸ்ரீராமின் மனைவி அலறி அடித்துக்கொண்டு வந்தார். இவர் எப்படித் தானாக ஆஸ்பத்திரிக்கு வந்தார் என்பதைத்தான் அவரால் நம்ப முடியவில்லை. காய்ச்சலுக்குக்கூட டாக்டரிடம் போகாத மனுஷனாம். நடந்ததைச் சொன்னேன். அவர் உமைரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு தெலுங்கில் ஏதேதோ சொன்னார். எனக்குத் தெலுங்கு பாதிதான் புரியும். புரிந்த பாதிக்கே கண் நிறைந்துவிட்டது.

அத்தாவும் அம்மாவும் வந்து சேர்ந்தார்கள். எந்த நிலைமையிலும் கையை வீசிக்கொண்டு வர அத்தாவால் முடியாது, ஒரு பெட்டி செந்தூரா மாம்பழம் கொண்டுவந்திருந்தார். அம்மா உமைரின் நெஞ்சைத் தடவித் தடவிப் பார்த்தார். நான் கதையை முதலிலிருந்து சொல்லி முடித்ததும், அத்தா பெட்டியைப் பிரித்து எடுத்துக்கொண்டு எழுந்து போய் நர்ஸ்களுக்கு, வாட்ச்மேனுக்கு, எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு எல்லாம் ஆளுக்கு ஒரு பழம் கொடுத்தார். கொடுக்கும்போது மண்டியில் விலை கூறுகிற குரலில் சொல்லிக்கொண்டே போனார்.

“என் மவன்ங்க. வலிக்குதுன்னு சொல்லிட்டு வேலைய விட்டு எந்திரிச்சு வந்தவன்.”

அண்ணனின் ஜனாஸாவில் தலையாட்டிக்கொண்டிருந்த மனுஷர். அவர் மேல் எனக்கு அதுவரை இருந்த கோபம் அங்கேயே போய்விட்டது.

வீட்டுக்குக் கிளம்ப வண்டி நிறுத்தியிருந்த இடத்துக்கு வந்தோம். உமைர் கதவில் கை வைத்தபடி நின்றுவிட்டான்.

“அண்ணனயும் யாராச்சும் எங்க வலிக்குதுன்னு கேட்டிருந்தா போதுமேக்கா.”

ஆமாம் என்றேன்.

அவன் அழுதான். அண்ணனைக் குழியில் இறக்கியபோதுகூட அழாதவன், காரின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு தோள் குலுங்க, வாய்விட்டு, எங்கே வலிக்கிறதோ அங்கிருந்தே அழுதான். நான் தடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குள் போகிறவர்களும் வருகிறவர்களும் ஏதோ பெரிய துக்கம் என்று நினைத்து எங்களைச் சுற்றி ஒதுங்கிப் போனார்கள். எனக்கோ பெருமை தாங்கவில்லை.