பதினேழு வருஷ இன்டர்வெல்

எங்கள் தோப்புத் தெருப் பள்ளிக்கூடத்தில் பதினேழு வருஷமாக இன்டர்வெல் நடக்கிறது. நான் அஞ்சாவது படிக்கும்போது விட்டது. வெளியே போனவர்களில் ஒருத்தி இன்னும் திரும்பாததால் முடிவு மணி அடிக்கவில்லை. அந்த ஒருத்தி நான்தான்.

அன்றைக்கு பாக்கியம் டீச்சர், "இன்டர்வெல் முடிஞ்சதும் அங்கயற்கண்ணி எழுந்து வாசிப்பா" என்று சொல்லிவிட்டார். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. தண்ணி குடிக்க வீட்டுக்குப் போனேன். தம்பி பிறந்து ஒரு வாரம். "இவனக் கொஞ்சம் ஆட்டுடி" என்றாள் அம்மா. தூளியை ஆட்டினேன். அப்படியே இருந்துவிட்டேன். தம்பி இப்போது பாலிடெக்னிக் படிக்கிறான்.

கட்டடத்தைச் சும்மா போட முடியுமா? இன்டர்வெல்லில் தின்னலாம், விளையாடலாம், சத்தம் போடலாம். அதனால் ஒன்றாம் வகுப்பில் ரேஷன் கடை வந்தது. இரண்டாம் வகுப்பில் ஆண்கள் பளு தூக்கினார்கள். எங்கள் அஞ்சாம் வகுப்பு நடந்த பெரிய ஹாலைக் கல்யாணத்துக்கு விட்டார்கள். போஸ்ட் ஆபீஸும் கேட்டுப் பார்த்தது. எழுத்து வேலை இருக்கிறதென்று விடவில்லை.

இந்த வருஷம் என் மகள் அமுதினிக்கு அஞ்சு வயசு முடிந்தது. சேர்க்கக் கூட்டிப்போனேன். மணி அடிக்கும் சவரி அண்ணன், தொங்கும் தண்டவாளத் துண்டுக்குப் பக்கத்தில் இரும்புக் கம்பியோடு தயாராக நின்றார். அப்போதிருந்தே நிற்கிறார்.

"இன்டர்வெல்ல எப்படிம்மா அட்மிஷன் போடறது? நீ வந்து உக்காரு. நான் அடிக்கிறேன்."

"வாசிக்கச் சொல்வாங்களே அண்ணே."

"சொல்லத்தான் செய்வாங்க."

விஷயம் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. ரேஷன் கடைப் பரமகுரு, "பருப்பு லோடு இறங்கட்டும் தங்கச்சி" என்றார். ஹாலைப் பார்த்துக்கொள்ளும் ரஞ்சிதம் அக்கா வீட்டுக்கே வந்து, "ஆவணியில நாலு முகூர்த்தம் கெடக்கு. பதினேழு வருஷமா வராதவளுக்கு இப்ப என்னடி அவசரம்?" என்றாள். எனக்கு மறுத்துப் பேசத் தெரியாது. எல்லாருக்கும் தலையாட்டினேன்.

அமுதினி மட்டும் தினமும் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்குள் நுழைந்தேன். மேடையில் மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கியிருந்தார். என் பெஞ்சு மூன்றாவது வரிசையில் அப்படியே இருந்தது. மேலே கிடந்த தாம்பூலப் பைகளை நகர்த்திவிட்டு உட்கார்ந்தேன். முழங்கால் இடித்தது. சவரி அண்ணன் அடித்தார்.

மேளம் நின்றது. மாப்பிள்ளையும் பெண்ணும் இறங்கி வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பரமகுரு கையில் ஒட்டிய சர்க்கரையைத் தட்டிவிட்டுக் கடைசி பெஞ்சுக்குப் போனார். பளு தூக்கியவர்கள் கை கட்டினார்கள்.

பாக்கியம் டீச்சர் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்திருந்த விரலை எடுத்தார். "அங்கயற்கண்ணி, வாசி."

எழுந்தேன். டீச்சர் நீட்டிய புத்தகத்தை வாங்கித் தலைப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளை திரும்பி, "அக்கா, நல்ல நேரம் போகுதுக்கா" என்றார் மெதுவாக. பேசியதற்காக டீச்சர் அவரை பெஞ்சு மேல் ஏற்றினார். அமுதினி என் சேலையைப் பிடித்து இழுத்தாள். எறும்பு அரிசி இழுத்துப் போகும் பாடத்தை எழுத்து எழுத்தாகக் கூட்டிக் கடைசி வரி வரை வாசித்தேன்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா வாசிக்கலாம். உட்கார்."

சவரி அண்ணன் வருகைப் பதிவேட்டில் அமுதினி பேரை என் பேருக்குக் கீழே எழுதினார். பெஞ்சு மேல் நின்ற மாப்பிள்ளை ஒரு விரல் காட்டி அனுமதி கேட்டார். "கட்டிட்டு உடனே வந்து உக்காரணும்" என்றார் டீச்சர்.

சாயங்காலம் வீட்டுப்பாடம் வாங்கிக்கொண்டு கலைந்தோம். நான் அம்மா வீட்டுக்குப் போனேன். இன்டர்வெல் என்றால் பதினைந்து நிமிஷம்தானே; அந்தக் கணக்கில் தம்பி பிறந்து இன்னும் ஒரு வாரம்தான். தம்பி மீசையோடு தூளியில் படுத்து அழுதுகொண்டிருந்தான்.

"எங்கடி போன? இவன ஆட்டு."

"நாளைக்கும் வாசிக்கணும்மா. நீயே ஆட்டு" என்றேன், கொஞ்சம் சத்தமாக.

தூளிக்கு வெளியே நீட்டியிருந்த அவன் கால்களில் இடித்துக்கொள்ளாமல் குனிந்து போய், நானும் அமுதினியும் வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தோம்.