நான்காவது வரிசை

சோதனைப் பட்டையில் இரண்டாவது கோடும் விழுந்தது. இலையைக் கசக்கி அந்தச் சாற்றில் பட்டையை நனைக்க வேண்டும். ஒரு கோடு என்றால் செடிக்கு ஒன்றுமில்லை. இரண்டு என்றால் வைரஸ்.

"ரெண்டு கோடா? உங்க அக்காகிட்ட நல்ல சேதின்னு சொல்லிடவா?" என்றார் வரப்பில் நின்றிருந்த மாமா, அக்காவின் கணவர். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. விதைக்கென்றே வளர்த்த உருளைக்கிழங்கு. நோய் கண்டால் விதையாக விற்க முடியாது. விதைச் சான்று ஆய்வாளர்தான் என்றாலும் சொந்தக்காரர் வயலுக்கு நான் சான்று எழுத முடியாது; வேறு அதிகாரி வருவதற்குள் ஒரு பார்வை பார்த்துவிடு என்று அக்கா கெஞ்சியதால் வந்திருந்தேன்.

"பூச்சி கொண்டுவந்துச்சா?"

"இது பூச்சியால வராது மாமா. கை, கத்தி, துணி... பட்டாலே ஒட்டிக்கும்."

"யாரு உள்ள வந்தா? உங்க அக்காவயே நான் விடலையே!"

இலையில் வெளிர்த் தேமல் விழுந்த செடிகளுக்குப் பக்கத்தில் சிவப்புக் கொடி நட்டுக்கொண்டே போனேன். பதினொன்று. வயல் கோடியில் நின்று திரும்பிப் பார்த்தேன். கொடிகள் வயலெங்கும் சிதறியிருக்கவில்லை. நான்காவது வரிசையில் மட்டும், பத்துப் பத்து அடிக்கு ஒன்றாக நின்றன. நான் குனிந்து இலை பார்க்கும் இடைவெளி அது.

போன மாதம் ஒரு நோய் வயலைச் சோதித்துவிட்டு, போகிற வழியில் இங்கே எட்டிப் பார்த்தேன். வேறு யார் வயலென்றாலும் மேலங்கியையும் பூட்ஸையும் மாற்றியிருப்பேன். அக்கா வயல்தானே, ஒரு நிமிஷம்தானே என்று அப்படியே நான்காவது வரிசையில் இறங்கினேன். வேலியே பயிரை மேய்ந்த கதை. அக்கா முகத்தில் எப்படி விழிப்பேன்?

மாமா அதற்குள் பாதையைத் தாண்டி, எதிர்ப்பக்கத்தில் இருந்த தன் இன்னொரு வயலின் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டார்.

"வாம்மா, இதையும் பாத்துடு. இதாவது தப்பிக்கட்டும்."

கேட் வரைக்கும் போனேன். என் மேலங்கி முழங்கால்வரை இலைச்சாற்றில் நனைந்திருந்தது.

"மாமா, கேட்டச் சாத்துங்க."

"ஏன்?"

"போன மாசம் நான் வந்தேன்ல..."

அவர் என்னைப் பார்த்தார். காலிலிருந்து முகம்வரை மெதுவாகப் பார்த்தார். பிறகு உள்ளே நின்றபடியே கேட்டை இழுத்துச் சாத்தினார். தாழ்ப்பாளில் வைத்த கையை எடுக்கவேயில்லை.